மைதானத்து மூலைப் புதரை வெட்டித்தான் ஆகணுமா? பள்ளி இயற்கை மன்றத்துக்கு யோசனை சொல்லுங்கள்

மலையடிவார டீச்சர் | ஜூலை 11, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊருக்குப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தேசிய பசுமைப்படை எங்கள் பள்ளியிலும் உண்டு. மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது என்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தோம். வெளியூர்ப் பயணமெல்லாம் கிடையாது. அமிர்தி உயிரியல் பூங்காவுக்குக்கூடப் போனதில்லை. காம்பவுண்டு சுவருக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்ப்பது, எழுதுவது, வரைவது. அவ்வளவுதான் மன்றத்தின் வேலை.

மைதானத்தின் முன்பக்கம் வேம்பும் புங்கமும். நடுவில் கபடி, வாலிபால். தெற்கே சத்துணவுக் கூடமும் கழிவறையும். வடமேற்கு மூலையில் மட்டும் கால் ஏக்கர் போல யாரும் தொடாத இடம். சீமைக்கருவேலம், எருக்கு, ஆவாரை, நுணா, இரண்டு பனை, ஒரு பழைய புளியமரம், பாறை, புற்று. நாங்கள் எழுதி வைத்த உயிர்களில் பெரும்பாதி அந்த மூலையில் பார்த்தவை. செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம், பச்சைப் பஞ்சுருட்டான், கீரி, ஓணான், அரணை, பொன்வண்டு, பனையில் உழவாரன். புளியமரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி குழியானைக் குழியோரம் குந்தினால் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். எறும்பு விளிம்பில் கால் வைக்கிறது, மணல் சரிகிறது. அது மேலே ஏறப் பார்த்தால், அடியில் இருக்கும் குழியானை தலையால் மணலை வாரி மேலே வீசுகிறது. வீசிய மணலோடு எறும்பும் சரிந்து கீழே போகிறது. "மிஸ், இது வளர்ந்தா என்னவாவும்?" என்று கேட்டாள். இறக்கை முளைத்துப் பறக்கும் என்றால் நம்பவே இல்லை. இதெல்லாம் பாடப் புத்தகத்தை வைத்து என்னால் சொல்லிக் கொடுக்க முடிந்திருக்காது.

இப்போது ஆகஸ்ட் 15க்குள் அந்த மூலையை பொக்லைன் வைத்துச் சமன் செய்ய வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு. காரணம் பாம்பு. போன மாதம் கழிவறைப் பக்கம் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோர் பயப்படுவதில் தப்பே இல்லை. 25ஆம் தேதி கூட்டம். என்ன சொல்லலாம்? பிள்ளைகளும் எழுந்து பேச வேண்டும் என்கிறார்கள்.

பாலாற்றுக்கரை | ஜூலை 11, இரவு 9.52

டீச்சர், அவசரமா ஒரு கேள்வி. மைதானத்துல எங்கேயாவது ஆள்காட்டிக் குருவி கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்துதா? இது அதோட முட்டைக் காலம். பொக்லைன் உள்ள வரணும்னா சரளைத் தரையைத் தாண்டித்தானே வரும்?

மலையடிவார டீச்சர் | ஜூலை 11, இரவு 10.05

ஆமாம். வாலிபால் கம்பத்துக்கு அந்தப் பக்கம் சரளைத் தரை. நாலு முட்டை இருப்பதாக ஒன்பதாம் வகுப்புப் பையன் சொன்னான். நாங்கள் கிட்டே போகவில்லை. சுற்றிக் கல் அடுக்கி அடையாளம் வைக்கலாமா?

பாலாற்றுக்கரை | ஜூலை 11, இரவு 10.31

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கல் வட்டம், குச்சி, கொடி எதை வெச்சாலும் முதல்ல பார்க்கிறது காக்காயும் நாயும்தான். அந்த முட்டை மண் நிறத்துல கரும்புள்ளி போட்டு, கூர்முனை நாலும் உள்பக்கம் சேர்ந்த மாதிரி கிடக்கும். மிதிக்கிற தூரத்துல நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அதுக்குக் காவல். நாம அடையாளம் வெச்சா அந்தக் காவலைக் கெடுத்துடுவோம். "கம்பத்துலேருந்து மேற்கே இத்தனை தப்படி"ன்னு நோட்டுல எழுதிக்கோங்க, போதும்.

அடைகாக்க நாலு வாரம் போல ஆகும். வேலூர் வெயில்ல அது செய்யற வேலையைப் பசங்க தூரத்துலேருந்து பார்க்கணும். மத்தியானம் முட்டை மேல அழுந்த உட்காராம, லேசா எழுந்து நின்னு நிழல் மட்டும் கொடுக்கும். பக்கத்துல தண்ணி இருந்தா வயித்து இறகை நனைச்சுக்கிட்டு வந்து முட்டை மேல உட்காரும். முட்டை சூடேறிடக் கூடாதுன்னுதான். ஆணும் பெண்ணும் மாத்தி மாத்தி உட்காரும். எத்தனை மணிக்கு ஆள் மாறுதுன்னு குறிக்கிறதே நல்ல வேலை.

இரண்டு பிள்ளை அம்மா | ஜூலை 12, காலை 6.40

டீச்சர், உங்க ஆர்வம் புரியுது. ஆனா எம் பையன் ஆறாவது படிக்கிறான். வேற ஸ்கூல்தான், அங்கயும் இதே நிலைமை. பந்து புதருக்குள்ள போச்சுன்னா யோசிக்காம கையை விட்டு எடுப்பான். கடிச்சதுக்கு அப்புறம் குருவியைப் பத்திப் பேசி என்ன பிரயோஜனம்? வெட்டச் சொல்ற பெத்தவங்களை யாரும் விவரம் தெரியாதவங்களா நினைச்சுடாதீங்க.

பழைய பி.டி. சார் | ஜூலை 12, காலை 7.15

அம்மா சொல்வது நியாயம். நான் வேலை பார்த்த பள்ளிகளிலெல்லாம் மைதானம் என்றால் கடைசி மூலை வரை செதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பேன். கோகோ ஆட இடம் பத்தாமல் பிள்ளைகள் வராண்டாவில் ஓடிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கால் ஏக்கர் சின்ன இடமில்லை.

மலையடிவார டீச்சர் | ஜூலை 12, காலை 7.58

சார், அந்த மூலையில் பாதி பாறை. மண்ணைச் சமன் செய்தாலும் கோகோ ஆட முடியாது. வெட்டினால் வெட்டிய இடமாகக் கிடக்கும், அவ்வளவுதான். விளையாட்டுக்கு உதவும் இடமாக இருந்திருந்தால் எனக்கே தயக்கம் வந்திருக்கும்.

வார்டு செவிலி | ஜூலை 12, மதியம் 2.20

நைட் டூட்டி முடிச்சுத் தூங்கி எழுந்து எழுதறேன். வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். பாம்புக்கடி கேஸ் நிறையவே பார்க்கிறேன்.

முதல்ல அந்த அக்காவுக்கு. உங்க பயம் சரியானது. யாரும் அதைக் குறைச்சுப் பேசக் கூடாது. ஆனா பயத்தை எந்த இடத்துல வைக்கணும்னு மட்டும் சொல்றேன். நம்ம பக்கம் உயிருக்கு ஆபத்தானது முக்கியமா நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் ராத்திரி நடமாடும். தரையில படுத்துத் தூங்கறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். கடிச்ச தடம்கூடப் பல நேரம் தெரியாது, வலியும் பெருசா இருக்காது. கண்ணாடி விரியன் வயக்காட்டுல, வைக்கோல் போர்ல, எலி இருக்கிற எல்லா இடத்துலயும். சுருட்டை நம்ம மலையடிவாரம் மாதிரி காய்ஞ்ச, கல்லு நிறைஞ்ச இடத்துல, கல்லுக்கு அடியில. அதனால கல்லைக் கையால புரட்டவே கூடாது, பொந்துல கை விடவே கூடாது. இது மன்றத்துப் பிள்ளைங்களுக்கு மட்டுமில்ல, பந்து எடுக்கப் போற எல்லாப் பிள்ளைக்கும்.

நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில 1978லேருந்து இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. அவங்க பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. அந்த விஷத்துலேருந்துதான் மருந்து. 2024ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்கணும்.

கடிச்சா செய்ய வேண்டியது: 108. கடிபட்ட கை காலை ஆட்டாம, எலும்பு முறிஞ்சா எப்படிக் கட்டையை வெச்சு அசையாமப் பிடிப்போமோ அப்படிப் பிடிக்கணும். கொலுசு, மோதிரம், காப்புக் கயிறு எல்லாத்தையும் கழட்டணும், வீங்கினா இறுக்கும். மேல கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வெச்சு உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. பாம்பைத் தேடி அடிச்சு எடுத்துட்டு வரவும் வேண்டாம். டீச்சர், உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து இருக்கான்னு இப்பவே கேட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி நம்பரோட ஆபீஸ் ரூம் சுவத்துல ஒட்டுங்க. புதரை வெட்டினாலும் வெட்டாட்டியும் இது இருக்கணும்.

இன்னொன்னு, யாரும் யோசிக்க மாட்டாங்க. எருக்கம் பால். கண்ணுல பட்டா கருவிழி பாதிக்கும். இலையைக் கிள்ளிட்டு அதே கையால கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு சொல்லி வைங்க. பட்டுட்டா நிறையத் தண்ணியில ரொம்ப நேரம் கழுவிட்டு உடனே கண் டாக்டர்கிட்ட போகணும்.

கழனிக்காரன் | ஜூலை 12, இரவு 8.45

நர்ஸம்மா நல்லா சொல்லிச்சு. நான் படிச்சவன் இல்ல, கணியம்பாடி பக்கம் கழனி வெச்சிக்கினு கீறேன். ஒன்னு கேக்கறேன் டீச்சர். பாம்பைப் பார்த்தது கக்கூஸ் பக்கம்னு சொன்னீங்க. முள்ளுக்காட்டுல இல்ல. அது இன்னாத்துக்கு அந்தப் பக்கம் வந்துச்சு? சோறு ஆக்கற இடம் பக்கத்துல இருந்தா மிச்ச சோறு எங்க கொட்றாங்கன்னு பாருங்க. எலி எங்க கீதோ அங்கதான் பாம்பு கீது. பக்கத்துல ஒடைஞ்ச செங்கல்லு, பழைய பெஞ்சு குவிச்சி வெச்சிருந்தாங்கன்னா அது அதுக்கு ஊடு.

நாங்க வரப்புல தடம் பார்ப்போம். நீங்க பசங்களை வெச்சி ஒரு வேலை பண்ணுங்க. நல்லா சலிச்ச மண்ணு, ஒரு முறம் அகலத்துக்கு, சாயந்திரம் தரையில பரத்தி விட்டுட்டுப் போங்க. சோத்துக் கொட்டா பின்னால ஒன்னு, செங்கல்லு பக்கத்துல ஒன்னு, முள்ளுக்காட்டு வாயில ஒன்னு. காலையில பெல்லு அடிக்கறதுக்கு முன்ன போயி பாருங்க. ராத்திரி யாரு யாரு எங்க நடந்தாங்கன்னு மண்ணே சொல்லும். பெருச்சாளி வளை இருந்தா வாயில புதுமண்ணு தள்ளி வெச்சிருக்கும், அதையும் எண்ணிக்குங்க. அப்பால கூட்டத்துல போயி பேசுங்க.

பாலாற்றுக்கரை | ஜூலை 12, இரவு 9.02

ஐயா, இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இது. டீச்சர், தடத்தைக் காலை சாய்வெயில்ல பாருங்க, அப்பதான் நிழல் விழுந்து தெளிவாத் தெரியும். பக்கத்துல ஸ்கேல் வெச்சு வரையச் சொல்லுங்க.

எருக்கம்பூ | ஜூலை 13, காலை 11.30

எல்லாரும் பாம்பைப் பத்தியே பேசறீங்க. பொக்லைன் வந்தா முதல்ல சாயப்போவது எருக்கு. அதைப் பத்தி நான் சொல்லியாகணும்.

வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கில். ஒரு இலைக்கு ஒரு முட்டை, பெரும்பாலும் இலையின் அடியில். மூன்று நான்கு நாளில் புழு வரும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கருப்புக் கொம்போடு இருக்கும். பிள்ளைகளை ஒரு கைலென்ஸோடு இதன் பக்கத்தில் உட்கார வையுங்கள். புழு எடுத்தவுடன் இலையைத் தின்னாது. முதலில் நடுநரம்பைக் கடித்து வைக்கும். பால் அங்கேயே கசிந்து ஒழுகிவிடும். அதற்கு அப்பால் உள்ள பகுதிக்குப் பால் வராது. பிறகு அங்கே போய் நிதானமாகத் தின்னும். அந்த இலையின் நஞ்சு கொஞ்சம் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் இந்தப் பூச்சியை ஒதுக்கிவிடும். ஒதுக்குவதைப் பார்த்து, நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண்பூச்சி இதே நிறத்தில் வேஷம் கட்டிக்கொண்டு திரியும். இவ்வளவும் ஒரு எருக்கஞ்செடியைச் சுற்றி நடக்கிறது.

பள்ளி வேலியில் அரளி இருந்தால் இலையடியில் தேடுங்கள். வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு அங்கே தொங்கும். பாதரசம் பூசிய மாதிரி பளபளக்கும், பார்க்கிற பிள்ளையின் முகம் அதில் தெரியும். கையால் தொடாமல் பார்க்க வேண்டும், அரளியும் நஞ்சுதான். கிலுகிலுப்பைச் செடி காய்ந்தால் பிடுங்கிப் போடாதீர்கள். ஆண் வரியன்கள் காய்ந்த அந்தச் செடியில் வந்து மொய்க்கும். பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கான சத்தை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

பிள்ளைகள் தமிழ் மறவனைக் கேட்பார்கள், 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததிலிருந்து எல்லாப் பள்ளியிலும் இந்தக் கேள்வி வருகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பூச்சி, மைதானத்தில் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆடுதீண்டாப்பாளை மூன்றும் நட்டால் அழகி வண்ணத்துப்பூச்சிகள் தானாக வரும்.

குடியாத்தம் தறி | ஜூலை 13, மாலை 4.10

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதைக் காப்பாத்தணும்னு இயற்கை மன்றமே பேசினா எப்படி? நம்ம ஏரியெல்லாம் அந்த முள்ளு அடைச்சுப் போச்சு. எங்க ஊர் கவுண்டன்யா ஆத்துலயும் அதேதான்.

பாலாற்றுக்கரை | ஜூலை 13, மாலை 5.25

சரியான கேள்வி. சீமைக்கருவேலம் போகணும், அதுல எனக்கு மறுப்பு இல்ல. எப்போ, எப்படிங்கறதுதான் விஷயம். பொக்லைன் வந்தா சீமைக்கருவேலத்தோட ஆவாரை, நுணா, எருக்கு, புத்து, மேல்மண் எல்லாம் போயிடும். வெறும் தரையில முதல்ல திரும்ப முளைக்கிறதும் அதே சீமைக்கருவேலம்தான், விதை மண்ணுல காத்துக்கிட்டு இருக்கும்.

குருவிங்க கூடு கட்டி முடிக்கிற வரைக்கும் விடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில மண்ணு இளகினதும் சின்னக் கன்றுகளைக் கடப்பாரையாலேயே வேரோடு எடுக்கலாம். பெரிய மரத்தை வருஷத்துக்குக் கொஞ்சமா வெட்டி, அந்த இடத்துல நாட்டுக் கருவேலம், இலந்தை, விளா, நாவல்னு வைங்க. ஒரே நாள்ல மொட்டை அடிச்சா தவிட்டுக்குருவிக்கு ஒதுங்க இடமே இருக்காது.

குடியாத்தம் தறி | ஜூலை 13, மாலை 5.40

இப்படின்னா ஒத்துக்கறேன். கன்று வேணும்னா சொல்லுங்க, எங்க ஊர் நர்சரியில விசாரிக்கிறேன்.

நெறியாளர் | ஜூலை 13, இரவு 7.00

பொதுவான வேண்டுகோள். பள்ளியின் பெயர், பிள்ளைகளின் பெயர், முகம் தெரியும் படம் எதுவும் இங்கே வேண்டாம். கூடு, முட்டை, குஞ்சு படங்களும் வேண்டாம். ஆந்தைப் பொந்து இருக்கும் மரத்தின் படத்தை இப்போதுதான் நீக்கினேன். ஆந்தையைத் தேடி அலைகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அப்படியே.

ஆற்காட்டுப் பேத்தி | ஜூலை 14, காலை 9.05

ஆந்தைன்னு படிச்சதும் எழுதறேன். எங்க பாட்டி ஆந்தை அலறினா வாசல்ல விளக்குமாத்தைக் கவுத்து வைக்கும். உங்க ஊர்ல அந்தப் பேச்சு வரலையா டீச்சர்? அதைச் சொல்லியே மரத்தை வெட்டிடுவாங்களே.

பாலாற்றுக்கரை | ஜூலை 14, காலை 9.48

வந்தா பதில் அந்த மரத்தடியிலேயே கிடக்கு. ஆந்தை, இரையில செரிக்காததை எல்லாம் உருண்டையா வெளியே துப்பும். அதைப் பொறுக்கி, குச்சியால வெந்நீர்ல பிரிச்சுப் பார்த்தா என்ன தின்னுதுன்னு தெரிஞ்சுடும். கையுறை போட்டுக்கிட்டு, முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவணும். டீச்சர் முதல்ல செஞ்சு பார்த்துட்டு அப்புறம் பசங்களைச் சேர்த்துக்கோங்க.

மலையடிவார டீச்சர் | ஜூலை 20, மாலை 6.30

இத்தனை நாள் எழுத முடியவில்லை, பிள்ளைகளோடு தடம் பார்ப்பதிலேயே காலை போய்விட்டது. கழனிக்கார ஐயாவுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

ஐயா சொன்ன மாதிரியே மூன்று இடத்தில் மண் பரப்பினோம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், காலையில் மண்ணே தெரியாத அளவுக்கு எலித் தடம். சின்னச் சின்னக் கால், நடுவில் வால் இழுபட்ட கோடு. மிச்சச் சோறு கொட்டும் குழிப் பக்கத்திலேயே பெருச்சாளி வளைகள், வாயில் ஈரமான புதுமண். இரண்டாவது இடம் கழிவறைச் சுவரை ஒட்டிக் குவித்துக் கிடக்கும் உடைந்த செங்கல். அங்கே ஒரு காலையில் விரல் அகலத்துக்கு வளைந்து வளைந்து ஒரு கோடு, நேராகச் செங்கல் குவியலுக்குள் போகிறது. பார்த்ததும் பிள்ளைகளைப் பின்னால் நகர்த்திவிட்டேன். அன்றே அந்தப் பக்கம் கயிறு கட்டித் தடுத்துவிட்டோம்.

முள்காட்டு வாயில் கீரித் தடம், ஐந்து விரலும் நகமும் பதிந்திருந்தது. ஓணான் ஓடிய தடம். எலித் தடம் அங்கேயும் உண்டு, ஆனால் சத்துணவுக் கூடத்துப் பக்கம் இருந்ததற்கு ஈடே இல்லை.

ஆந்தை உருண்டையும் பிரித்தோம். வண்டுகளின் இறக்கை மூடி, பாச்சைக் கால், அவற்றுக்கு நடுவில் ஒரு சுண்டெலித் தாடை. முன்பல் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே இருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான். கூட்டத்தில் காட்டப் போகிறானாம்.

இரண்டு பிள்ளை அம்மா | ஜூலை 20, இரவு 8.15

படிச்சேன் டீச்சர். செங்கல் குவியல் விஷயத்தை எங்க ஸ்கூல்லயும் நாளைக்கே போய்ப் பார்க்கிறேன். இருந்தாலும் என் தரப்புல சிலதைக் கேக்கறேன், கூட்டத்துலயும் இதைத்தான் கேப்பாங்க. தனியா எந்தப் பிள்ளையும் உள்ள போகக் கூடாது. பெரியவங்க ஒருத்தர் குச்சியோட முன்னால போகணும். செருப்பு இல்ல, ஷூ. வகுப்பறை, கழிவறை சுத்தி ஒரு புல் இல்லாம இருக்கணும். பந்து உள்ள போனா பெரியவங்கதான் எடுக்கணும். இதுக்கு ஒத்துக்கிட்டா மூலை இருக்கட்டும்.

வார்டு செவிலி | ஜூலை 20, இரவு 8.40

அக்கா சொன்ன எல்லாமே எழுத்துல இருக்கணும். ஒன்னு சேர்த்துக்கறேன்: சாயந்திரம் 6 மணிக்கு மேல யாரும் அந்தப் பக்கம் கூடாது, மண் பரப்பறதையும் அதுக்குள்ள முடிச்சுடணும்.

மலையடிவார டீச்சர் | ஜூலை 26, காலை 10.20

நேற்றுக் கூட்டம் நடந்தது. ஒன்றரை மணி நேரம் போனது. தட வரைபடங்களைப் பிள்ளைகள் சார்ட்டில் ஒட்டிக் காட்டினார்கள். குழிக்குப் பக்கத்தில் எத்தனை வளை, மூலையில் எத்தனை என்று அந்த ஏழாம் வகுப்புப் பெண் சொன்னபோது கூட்டமே அமைதியாகக் கேட்டது. தீப்பெட்டி கைக்குக் கை மாறியது. சத்துணவு அமைப்பாளர் அம்மா முதலில் கொஞ்சம் மனம் வருந்தினார்கள், அவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். மூடி போட்ட தொட்டி கேட்டுக் கேட்டுக் கிடைக்காததுதான் காரணம் என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. ஊராட்சி சார்பில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிவு இதுதான். செங்கல் குவியலை வரும் ஞாயிறு பெரியவர்கள் அகற்றுவார்கள், பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு. வளைகளை மூடுவார்கள். கழிவறை, வகுப்பறை சுற்றி 15 அடிக்குச் சுத்தமாகச் செதுக்கி வைக்க வேண்டும். மூலைக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு, அதைத் தாண்ட டீச்சர் கூட வர வேண்டும். அம்மா கேட்டவை அத்தனையும் விதியாகத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம். சீமைக்கருவேலத்தைக் கார்த்திகையில் ஆள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. பொக்லைன் வராது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் குழு மறுபடி வந்து பார்க்கும். அதற்குள் யாருக்காவது ஏதாவது ஆனால் முடிவு மாறும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அது எனக்கும் சம்மதம்தான்.

இரண்டு பெற்றோருக்கு இன்னும் திருப்தி இல்லை. அவர்களை ஒரு வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

பழைய பி.டி. சார் | ஜூலை 26, காலை 11.00

சுண்ணாம்புக் கோடு மழையில் அழிந்துவிடும். முழங்கால் உயரத்துக்குக் கல்லுக்கால் நட்டு ஒரு கம்பி இழுங்கள். பந்தும் உருண்டு போகாது. ஆள் வேண்டுமானால் நான் வந்து நின்று நடுகிறேன், அணைக்கட்டு எனக்குப் பக்கம்தான்.

மலையடிவார டீச்சர் | ஜூலை 30, காலை 8.05

பாலாற்றுக்கரை சார், கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது. இன்று காலை ஆள்காட்டி இருந்த இடத்தில் முட்டை இல்லை. ஓட்டுத் துண்டு மட்டும் ஒன்றிரண்டு. நாய் தின்றிருக்குமா? பிள்ளைகள் அழாத குறை.

பாலாற்றுக்கரை | ஜூலை 30, காலை 8.22

பெரிய குருவிங்க ரெண்டும் என்ன பண்ணுது? கத்துதா, இல்ல இடத்தை விட்டே போயிடுச்சா?

மலையடிவார டீச்சர் | ஜூலை 30, காலை 8.30

கத்திக்கொண்டே இருக்கிறது. யார் பக்கத்தில் போனாலும் தலைக்கு மேல் பாய்கிறது. முன்பைவிட அதிகம்.

பாலாற்றுக்கரை | ஜூலை 30, காலை 8.37

அப்ப குஞ்சு பொரிச்சிருக்க வாய்ப்பு அதிகம். முட்டை போயிருந்தா இவ்வளவு ஆக்ரோஷம் இருக்காது. ஆள்காட்டிக் குஞ்சு பொரிச்ச கொஞ்ச நேரத்துலேயே நடக்க ஆரம்பிச்சுடும். தாய் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் இருந்த இடத்துலேயே தரையோட தரையா அமுங்கிடும். அதனால அந்தப் பக்கம் யாரும் நடக்கவே வேண்டாம், மிதிச்சுடுவாங்க. இடைவேளையில மாடிப்படியிலேருந்து பாருங்க. வாலிபாலை ஒரு வாரத்துக்கு வேற பக்கம் மாத்த முடியுமான்னு கேளுங்க.

மலையடிவார டீச்சர் | ஜூலை 30, மதியம் 1.15

மூன்று குஞ்சு. மாடிப்படியிலிருந்து பார்த்தோம். நாலாவது கண்ணில் படவில்லை. வாலிபால் வலையை இன்று மாலையே கிழக்குப் பக்கம் மாற்றுகிறார்கள், பெரிய வகுப்புப் பையன்களே முன்வந்து சொன்னார்கள்.

எருக்கம்பூ | ஜூலை 30, மதியம் 2.00

கேட்கவே நிறைவாக இருக்கிறது டீச்சர். இனி அடுத்து என்ன?

மலையடிவார டீச்சர் | ஜூலை 30, இரவு 9.20

அதைத்தான் கேட்க வந்தேன். ஆடி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டது. பாறைக் குழியில் தண்ணீர் நிற்கிறது, தட்டான்கள் வருகின்றன. எழுதும் முறையை ஒழுங்கு செய்ய வேண்டும். இப்போது பிள்ளைகள் தோன்றிய மாதிரி எழுதுகிறார்கள்.

பாலாற்றுக்கரை | ஜூலை 30, இரவு 10.05

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கால அளவு. இது மூணும் மாறாம இருந்தா போன மாசத்தையும் இந்த மாசத்தையும் ஒப்பிடலாம். நீள நோட்டுல தேதி, மணி, வானிலை, என்ன உயிர், எத்தனை, எந்தச் செடியில, என்ன செஞ்சுது. பேர் தெரியலைன்னா படம் வரைஞ்சு "தெரியாது"ன்னு எழுதட்டும், ஊகிச்சு ஒரு பேரைப் போட வேண்டாம். செடி, பூச்சிக்கு ஒரு மீட்டர் சதுரமா சணல் கட்டி அதுக்குள்ள இருக்கிறதை மட்டும் எண்ணச் சொல்லுங்க. ஒரு சதுரம் மூலையில, ஒண்ணு செதுக்கின தரையில.

போன்ல மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பேர் சொல்லும். உதவிதான், ஆனா கண்ணால பார்க்காம அது சொன்னதை அப்படியே எழுத வேண்டாம். பறவைப் பட்டியலை இபேர்டு இணையதளத்துல நீங்களே ஏத்துங்க. 2015லேருந்து பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 15 நிமிஷம் நின்னு பார்த்து எழுதினா ஒரு பட்டியல். பொங்கல் லீவுல பிள்ளைங்க வீட்டு வாசல்லயே செய்யலாம். பிப்ரவரியில பள்ளி, கல்லூரி வளாகங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, அதுல மன்றத்தைச் சேர்த்துடுங்க.

தட்டான்ல, மழை சமயம் மைதானத்துக்கு மேல கூட்டம் கூட்டமா மஞ்சளாப் பறக்குமே, அதைக் குறிச்சு வைங்க. வடகிழக்குக் காத்தோட கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போற இனம் அது.

கழனிக்காரன் | ஜூலை 31, காலை 5.50

டீச்சர், தட்டான் தாழப் பறந்தா மழைன்னு எங்கப்பா சொல்லும். அது நெஜமான்னு பசங்களை நோட்டுல எழுதிப் பார்க்கச் சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சிக்கணும்.

மலையடிவார டீச்சர் | ஜூலை 31, இரவு 8.00

நாளை வெள்ளிக்கிழமையே அந்தக் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுகிறோம் ஐயா. தட்டான் பறந்த உயரத்துக்குக் கம்பி வேலி, சன்னல், மாடி என்று மூன்று அளவு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பிள்ளைகள். மழைக்கு ஒரு அடி ஸ்கேலும் வாய் அகலமான டப்பாவும் போதும்.

பி.டி. சார், கல்லுக்கால் சனிக்கிழமை காலை வந்துவிடும். 7 மணிக்கு வர முடிந்தால் நல்லது. ஷூ போட்டு வாருங்கள், விதி எல்லோருக்கும்தான்.

பாலாற்றுக்கரை | ஜூலை 31, இரவு 8.25

நானும் சனிக்கிழமை வரேன். 8 மடங்கு பைனாகுலர் ஒண்ணு வீட்டுல சும்மா கிடக்குது, வார் மட்டும் அறுந்திருக்கு. தைச்சு எடுத்துட்டு வரேன், மன்றத்துலேயே இருக்கட்டும்.